500 ரூபாய்க்குள் டிண்ட் சன்ஸ்கிரீன்: மங்கு, வேர்வை, மாநிறம்

வயது 47, மதுரை, மாநிறம். கன்னத்தில் இரண்டு வருஷமாக மங்கு (கருந்திட்டு). மாதவிடாய் தள்ளிப்போக ஆரம்பித்ததிலிருந்து தோலும் வறண்டுவிட்டது. இரவில் மைல்டு ஃபேஸ்வாஷ், மங்குக்கு அசெலாயிக் ஆசிட் 10%, மேலே கிளிசரின் மாய்ஸ்சரைசர். அதெல்லாம் ஒத்துக்கொள்கிறது.

சிக்கல் பகலில்தான். ஜெல் மாய்ஸ்சரைசர் மேல் சிலிக்கான் கலந்த எஸ்.பி.எஃப் 50 சன்ஸ்கிரீன் போட்டால், அழிரப்பர் தூள் மாதிரி உருண்டு வருகிறது. பத்து நிமிஷம் இடைவெளி விட்டாச்சு, தேய்க்காமல் ஒற்றிப் பார்த்தாச்சு, மாய்ஸ்சரைசரே இல்லாமலும் பார்த்தாச்சு. உருள்வது நின்றது, ஆனால் வேர்வையோடு கண்ணுக்குள் இறங்கி எரிகிறது. ஜிங்க் ஆக்சைடு மட்டும் உள்ளது எரியவில்லை, ஆனால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. அளவைக் குறைத்தால் காப்பே இல்லை. முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் வேண்டும். அதனால் 50 கிராம் டியூப் மாதக்கணக்கில் வராது, விலையும் முக்கியம்.

வெயிலின் கண்ணுக்குத் தெரிகிற ஒளியும் மங்கைக் கூட்டும், அதைத் தடுக்க டிண்ட் சன்ஸ்கிரீனுக்கு நிறம் தருகிற அயர்ன் ஆக்சைடு தேவை. ஸ்டீராய்டு கலந்த 'மங்கு கிரீம்' எதையும் சொல்ல வேண்டாம், தோலை மெலியவைக்கும்.

அயர்ன் ஆக்சைடு உள்ள, மாநிறத்துக்கு ஒட்டிப்போகிற, கண் எரியாத சன்ஸ்கிரீன் 500 ரூபாய்க்குள் எது?