அறுகம்பையில் நீங்கள் சந்தித்த மனிதர்கள்: அனுபவப் பகிர்வு

மருதமுனை உறுப்பினர்:

ரூம் வாடகை, சாப்பாடு பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த அறுகம்பையில், உல்லைக் கிராமத்தில் பேசிய ஒரு காக்காவை (முஸ்லிம் அண்ணன் ஒருவரை)ப் பற்றி எழுதுகிறேன். மீன்பிடிக் குடும்பம். அலைச்சறுக்குக்காரர் கூடும் மெயின் பொயின்ட் முனைக்கு நடந்து போகிற தூரத்தில், அவர்களுடைய ஓலைக் கபானாவில்தான் (குடிலில்தான்) தங்கினோம்.

"எழுபதுகள்ல வெள்ளக்காரனுகள் பலகையத் தூக்கிட்டு வந்தானுகள். தங்க இடமில்ல. எங்கட வாப்பா திண்ணையில பாய் போட்டுக் குடுத்தாரு, உம்மா சோறு ஆக்கினா" என்றார்.

விளம்பரம் பார்த்து வந்தவர்கள் இல்லை அவர்கள். தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும் மாதங்களில்தான் இங்கே கடல் சறுக்குவதற்கு வாகாக இருக்கும். தெற்கிலிருந்து வரும் அலை முனையில் வளைந்து நீளமாக உடையும். அதைக் கண்டவன் அடுத்தவனுக்குச் சொன்னான், அவ்வளவுதான். திட்டம் போட்டு யாரும் இந்தக் கரையை உருவாக்கவில்லை. மீனவர் வீட்டுத் திண்ணைகள்தான் உருவாக்கின.

2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி அவர் அதிகம் பேசவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நிறையச் சொன்னார். வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொன்னது. அதே கரையில் பெரிய ஹோட்டல்களுக்கு வரைபடம் தயாரானது. தோணியும் வலையும் கண்ணில் படாத தூரத்துக்குப் போனால் மீனவன் எப்படித் தொழில் செய்வான்? சனங்கள் எதிர்த்து நின்றார்கள், அந்த விதி பிறகு தளர்த்தப்பட்டது. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அன்று விட்டுக்கொடுத்திருந்தால் நாங்கள் படுத்த கபானா இன்று யாருடைய கையில் இருந்திருக்கும்?

பொத்துவிலிலிருந்து இங்கே வரும் பாதையில் அமெரிக்க உதவியில் கட்டிய புதிய பாலம் 2008இல் திறந்தது, 2009இல் யுத்தம் முடிந்தது. கூட்டம் பெருகியது அதற்குப் பிறகுதான்.

பொத்துவில் உறுப்பினர்:

மருதமுனைத் தங்கச்சி, நீங்க எழுதினது உண்மை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பலகைக்காரருக்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே இந்த வழியால் சனம் போய்வருகிறது. ஆடி மாதக் கதிர்காமத் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வருகிற சாமிமார் எங்கட ஊரைத் தாண்டித்தான் உகந்தை முருகனிடம் போவார்கள். பிறகு குமண, யால காடு. வழியில் தண்ணீரும் சாப்பாடும் கொடுப்பது இந்தப் பக்கத்தில் பழைய வழக்கம்.

இன்றைக்கு எங்கட பொடியன்மார் விடிய வலைக்குப் போய்விட்டு, பிறகு சேர்ஃப் (அலைச்சறுக்கு) பழக்குகிறார்கள். பெட்டைகளுக்கென்றே 2018இல் ஒரு சேர்ஃப் கழகம் தொடங்கியது. பொம்பிளைப் பிள்ளை கடலில் இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தைத் தாண்டி வந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பார்க்க எனக்குப் பெரிய சந்தோசம்.

மனதுக்குக் கஷ்டம் தருவது கரைவலைப் பாட்டின் நிலைதான், அதாவது கரையில் நின்று வலை இழுக்கிற இடத்தின் நிலை. வலை இழுக்க நீளமான வெறும் மணல் வேண்டும். கதிரையும் குடையும் அந்த மணலைத்தான் பிடிக்கின்றன. வருகிறவர்கள் வலை வளைக்கிற இடத்தை விட்டுத் தள்ளிக் கதிரை போடுங்கள். களப்பு (கடலோரத்து உப்புநீர் ஏரி) பார்க்க ஆசையென்றால், தோணி தள்ளுகிற மீனவரிடமே நேரில் பேசிப் போங்கள். காசு அவர் வீட்டுக்குப் போகும்.