போனில இருந்து பழைய அம்ப்ளிஃபையருக்குப் பாட்டு: டிஏசியா, ஸ்ட்ரீமரா, சீடி பிளேயரா?

வெள்ளவத்தை_கடற்கரை:
வணக்கம். அப்பாவிட பழைய ஜப்பான் அம்ப்ளிஃபையர் (அம்ப்) ஒண்டும் ரெண்டு ஸ்பீக்கர் பெட்டியும் பிளாட்டில இருக்கு, இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது. கொழும்பு புறக்கோட்டையில வாங்கின புளூடூத் ரிசீவர் ஒண்டைக் குத்தி (விலை சொன்னா சிரிப்பீங்கள்) போனில இருந்து பாட்டுப் போடுறன், கூடக் கேக்கிறது கச்சேரி, பழைய படப்பாட்டு. சத்தம் வருது ஆனா உயிர் இல்லை, தம்புரா எங்கயோ ஃபேன் சுத்துற மாதிரிக் கேக்குது, மிருதங்கத்தில தொப்பி (இடப்பக்கம்) எது வலந்தலை (வலப்பக்கம்) எது எண்டு தெரியாமக் குழம்புது. ஒரு கடையில கேட்டன், டிஏசி (டிஜிட்டல் பாட்டை அம்புக்கு ஏத்த சிக்னலா மாத்துற பெட்டி) போட்டா எல்லாம் சரியாகும் எண்டு 90 ஆயிரத்துக்கு ஒண்டைக் காட்டி எண்ட போனோட மாத்தி மாத்திப் போட்டும் விட்டவை, உண்மையா நல்லாத்தான் இருந்தது. கூட்டாளி ஸ்ட்ரீமர் (தானே இன்டர்நெட்டில இருந்து பாட்டு எடுக்கிற பெட்டி) வாங்கு எண்டுறான், மாமா தன்ட பழைய சீடி பிளேயரைக் கொண்டு போ எண்டுறார். ஒரு லட்சம் வரைக்கும் போகலாம், அதுக்கு மேல போனா வீட்டில சாப்பாடு இல்லை.

கொட்டாஞ்சேனை_ரசிகன்:
தம்பி முதல்ல இதைச் சொல்லுங்கோ, போனில எதில கேக்கிறீங்கள்?

வெள்ளவத்தை_கடற்கரை:
யூடியூப் தான் கூட அண்ணா. ஸ்பொட்டிஃபையும் இருக்கு, காசு கட்டாதது.

கொட்டாஞ்சேனை_ரசிகன்:
அப்ப அந்த 90 ஆயிரம் பொக்கெட்டிலயே கிடக்கட்டும். யூடியூப்பில கிடக்கிற பழைய கச்சேரி கனக்க ஆரோ கசெட்டில இருந்து ஏத்தினது, அதை யூடியூப் ஃபைல் சின்னனாக ஒருக்கா அமுக்குது, பிறகு உங்கட புளூடூத் இன்னொருக்கா அமுக்குது. எஸ்பிசி எண்டுற சாதாரண அமுக்கல் முறையில புளூடூத் செக்கனுக்கு 328 கிலோபிட் அளவில நிண்டிடும், சீடி 1411. இப்பிடி ரெண்டு தரம் நசுங்கேக்க தம்புராவிட மெல்லிய நாதம் மாதிரிச் சாமான்தான் முதல்ல போகும், போனதை எந்த டிஏசியும் திருப்பித் தராது.

கடையில நல்லா இருந்ததுக்கும் காரணம் இருக்கு. உப்பிடியான டிஏசி வழமையா 2 வோல்ட் வெளியில விடும், போன் அதில பாதியும் வராது, அப்ப டிஏசி பக்கம் 6 டெசிபலாவது சத்தம் கூட. சத்தம் கூடினது எப்பவும் நல்லதாத்தான் காதுக்குப் படும். ரெண்டையும் ஒரே அளவுக்கு வச்சுக் கேட்டீங்களோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

ஒரு மாசத்துக்கு ஸ்பொட்டிஃபை பிரீமியம் எடுத்து தரத்தை ஆகக் கூடினதுக்கு மாத்துங்கோ. அப்பிள் மியூசிக் எண்டால் 2021இல இருந்து லொஸ்லெஸ் (ஒண்டும் இழக்காத தரம்) மேலதிகக் காசில்லாமலே தாறாங்கள், ஆனா செட்டிங்சில போய் நீங்கள்தான் ஓன் பண்ண வேணும். புளூடூத்தைக் கழட்டிப்போட்டு போனுக்குக் குத்துற சின்ன ஹெட்ஃபோன் அடப்டர் ஒண்டை எடுங்கோ, அதுக்குள்ளயே ஒரு டிஏசி இருக்கு. அப்பிளின்ட டைப்-சி அடப்டர் அளந்து பாக்கிற ஆக்களே மெச்சினது, என்ன, சில அன்ட்ரொயிட் போனில சத்தம் குறைவா வரும்.

தெஹிவளை_சீடி:
மாமா சொன்னது பிழையில்லை. 1982இல வந்த சாமான் எண்டு சீடியை இளக்காரமாப் பாக்கிறாங்கள், ஆனா ஒழுங்காப் பதிஞ்ச ஒரு கச்சேரி சீடி இண்டைக்கும் காணும். எங்கட பக்கம் கடல் காத்தில லென்ஸும் சொக்கெட்டும்தான் பழுதாகும், அதால பிளேயரை நம்பி இருக்காம சீடிகளை ஃபிளாக் ஃபைலா கொம்பியூட்டரில ஏத்தி வையுங்கோ, தரம் ஒரு துளியும் குறையாது, இடம் பாதிக்குக் கிட்டத்தான் பிடிக்கும். பெட்டிக்குள்ள பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கிற சீடி இருந்தா அதுகளை முதல்ல ஏத்துங்கோ.

ஹைரெஸ்_தம்பி:
மன்னிக்கோணும், சீடியை விடக் கூடின 24 பிட் 192 கிலோஹேர்ட்ஸ் பதிவு கேக்காமல் இசை கேட்டன் எண்டு சொல்லேலாது. நல்ல டிஏசி கட்டாயம்.

கொட்டாஞ்சேனை_ரசிகன்:
தம்பி, சீடியின்ட 44.1 கிலோஹேர்ட்சில 22 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் முழுசாப் பதியும், மனுசக் காது 20ஓட சரி, எண்ட வயசில 12 கேட்டாலே புண்ணியம். சீடியின்ட 16 பிட், ஆக மெல்லிய சத்தத்துக்கும் ஆகப் பெரிய சத்தத்துக்கும் நடுவில 96 டெசிபல் இடைவெளி தருது. காலி வீதி பஸ்ஸுக்கும் கரையோர ரயிலுக்கும் நடுவில இருக்கிற பிளாட்டில அந்த 96இல பாதியைப் பாவிச்சாலே பெரிய காரியம். ஸ்டூடியோவில பதியிறவைக்கு 24 பிட் தேவை, அது வேற கதை.

பம்பலப்பிட்டி_வீணை:
எல்லாரும் பெட்டியைப் பத்தியே கதைக்கிறீங்க, அறையைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. வெறும் டைல்ஸ் தரை, வெறும் சுவர், பெரிய கண்ணாடி யன்னல், சரியா? ஹோல் நடுவுல நிண்டு ஒருக்கா கைய தட்டிப் பாருங்க, டிங் எண்டு ஒரு வால் இழுத்தா உங்க மிருதங்கம் குழம்புறது அங்கதான். நான் வீட்டுல வீணை வாசிக்கிறதால இதோட ரொம்ப மல்லுக்கட்டியிருக்கேன். தடிச்ச கம்பளம் ஒண்டு ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவுல, யன்னலுக்கு நல்ல பாரமான திரை, பின் சுவருல புத்தக அலுமாரி. ஸ்பீக்கர தரையில வைக்காதீங்க, மூலைக்குள்ளயும் தள்ளாதீங்க, சின்ன ட்வீட்டர் (கீச்சுச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) நீங்க இருக்கிறப்போ காது உயரத்துக்கு வரணும், ரெண்டுக்கும் இடையில இருக்கிற தூரம் அளவுக்கு நீங்களும் தள்ளி இருங்க. இதுல பாதிக்குச் செலவே இல்ல. 90 ஆயிரம் டிஏசிய விட இது எவ்வளவோ வித்தியாசம் காட்டும், பந்தயம் பிடிக்கலாம்.

வெள்ளவத்தை_கடற்கரை:
நன்றி எல்லாருக்கும். ஸ்பீக்கர் ரெண்டும் அலுமாரிக்கு மேல, கூரைக்குக் கிட்ட இருந்தது அக்கா 😅 இறக்கி ஸ்டூல்ல வச்சு, அடப்டரும் பிரீமியமும் போட்டன், தொப்பி தனியாக் கேக்குது. தம்புராவும் வந்திட்டுது. இப்ப ரெண்டு கேள்வி. லப்டொப்பைக் குத்தினா ஊம் எண்டு ஒரு இரைச்சல், அது ஏன்? மிச்சக் காசுக்கு ஸ்ட்ரீமர் பிரயோசனமோ?

கொட்டாஞ்சேனை_ரசிகன்:
லப்டொப் சார்ஜரைக் கழட்டிப் பாருங்கோ. இரைச்சல் நிண்டா சார்ஜரால வாறது, பழைய கட்டடங்களில எர்த் ஒழுங்கில்லாட்டி இது சகஜம், பட்டரியில ஓட்டுங்கோ. ஸ்ட்ரீமர் இப்ப உங்களுக்குச் சத்தத்தைத் திருத்தாது, வசதியைத்தான் தரும். வைம் (WiiM) மாதிரி ஒரு ஸ்ட்ரீமர் அம்பின்ட ஓக்ஸ் (AUX) சொக்கெட்டுக்கு நேராப் போகும், உள்ளுக்கே டிஏசி இருக்கு, ஸ்பொட்டிஃபை கனெக்ட்டில பாட்டை அதுவே இன்டர்நெட்டில இருந்து எடுக்கும், போன் வெறும் ரிமோட், கோல் வந்தாலும் ராகம் நடுவில அறாது. எனக்கெண்டால் அது காணும்.

தெஹிவளை_சீடி:
மாமாவின்ட பிளேயரை எடுக்கிறதெண்டால் முதல்ல பின்பக்கம் பாருங்கோ. ஜப்பானில இருந்து வந்த செகண்ட் ஹேண்ட் சாமான் கனக்க 100 வோல்ட், எங்கட 230இல நேராக் குத்தினா புகைதான் வரும். அப்பாவின்ட அம்புக்கு ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் ஏற்கனவே இருக்கோ?

வெள்ளவத்தை_கடற்கரை:
இருக்கு ஐயா, 500 வொட். பிளேயரையும் அதிலயே குத்தலாமோ?

தெஹிவளை_சீடி:
சீடி பிளேயர் 20 வொட்டும் இழுக்காது. அம்பின்ட பின்னால எழுதியிருக்கிற வொட்டைப் பாருங்கோ, 300க்குள்ள எண்டால் தாராளமாக் குத்துங்கோ.