கலைச்சொல்: லோடிங் அனிமேஷன் – சுழலி? ஏற்ற அசைவூட்டம்?

அனைவருக்கும் வணக்கம். இணையப் பக்கம் திறக்கும்வரை திரையில் சுற்றும் வட்டம் போன்றவற்றை ஆங்கிலத்தில் லோடிங் அனிமேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> "சுமையேற்ற அசைவூட்டம்" என்று வைத்துக்கொள்ளலாமே?

சுமையேற்றம் என்றதும் லாரிதான் கண்முன் வந்து நிற்கிறது. "ஏற்றம்" மட்டும் போதும் என்றால் பதிவேற்றத்தோடு குழம்பும். இங்கே நாம் எதையும் ஏற்றவில்லை, பக்கம்தான் நம்மிடம் வந்துகொண்டிருக்கிறது. மக்கள் எப்படிச் சொல்கிறார்கள்? "பக்கம் திறக்கவே மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு." இரண்டு வினையும் அதிலேயே இருக்கின்றன. திரையில் "திறக்கிறது…" என்று எழுதலாம், சுற்றும் வட்டத்தைச் "சுழலி" எனலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சுழலி பொருந்தாது. 1990களின் மொசைக் உலாவியில் புவியுருண்டை சுழன்றது, சரி. நெட்ஸ்கேப் உலாவியின் தொடக்கப் பதிப்பில் 'என்' என்ற எழுத்து புடைத்துச் சுருங்கியது. ஆங்கிலத்தில் த்ராபர், அதாவது துடிப்பது, என்ற பெயர் அப்படி வந்ததுதான். பிற்பாடு அதே இடத்தில் எரிகற்கள் விழுந்தன. இன்று மூன்று புள்ளிகள் குதிக்கின்றன. ஆகவே பொதுப்பெயராகக் "காத்திருப்புக் குறி" இருக்கட்டும், அதில் ஒரு வகை சுழலி.

வேலை நடக்க நடக்க நிரம்பிக்கொண்டே வரும் பட்டைக்கு (புராகிரஸ் பார்) முன்னேற்றப் பட்டை என்பது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். அதைத் தொட வேண்டாம். ஆனால் அதையும் சுழலியையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. மொத்தம் எவ்வளவு, எவ்வளவு முடிந்தது என்று நிரலுக்குத் தெரிந்தால்தான் பட்டை. தெரியாதபோது சுழலி. பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொல்லும் அளவுகளும் இதையொட்டியவைதான்: 1 நொடிக்குள் வந்துவிடும் என்றால் தனிக் குறியே வேண்டாம், 10 நொடியைத் தாண்டும் என்றால் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்ட வேண்டும். (நம் ஊர்த் தளங்கள் பலவற்றில் இது தலைகீழ். கண்சிமிட்டும் நேரத்துக்கு ஒரு வட்டம் வந்து மறையும், நிமிடக் கணக்கில் ஓடும் வேலைக்கும் அதே வட்டம்தான்.)

> ஸ்கெலிடன் ஸ்கிரீனுக்கு "எலும்புக்கூட்டுத் திரை"?

பயமாக இருக்கிறது! 2013இல் வடிவமைப்பாளர் லூக் ரோப்லெவ்ஸ்கி இந்தப் பெயரை முன்வைத்தபோது அவர் காட்ட நினைத்தது, உள்ளடக்கம் வருமுன் பக்கத்தின் வடிவத்தை: தலைப்பு வரும் இடத்தில் ஒரு சாம்பல் பட்டை, படம் வரும் இடத்தில் ஒரு கட்டம். கோலத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு இழை போடுவது மாதிரி. "உருவரைத் திரை" என்பது என் பரிந்துரை.

இன்னொன்று. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைபடிப்பானுக்கு வட்டம் தெரியாது. பக்கத்தின் நிரலில் ரோல் ஸ்டேட்டஸ் (நிலையறிவிப்பு என்னும் குறிப்பு) கொடுத்த உறுப்புக்குள் "பக்கம் திறக்கிறது" என்று எழுத்தாகவும் இருந்தால்தான் அது வாசிக்கும். அசைவைக் குறைக்கும்படி கணினியில் அமைத்திருப்பவர்களுக்கு நின்ற படமே போதும். அதனால் சொல்லில் "அசைவூட்டம்" கட்டாயம் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

----

ஐயா, வணக்கம்.

உருவரைத் திரைக்கு என் ஆதரவு. சுழலியில் மட்டும் ஒரு சிக்கல்: பொறியியல் நூல்களில் டர்பைனுக்கும் அந்தச் சொல்லை ஆள்கிறார்கள். அகராதியில் சேர்க்கும்போது "காத்திருப்புச் சுழலி" என்று முழுதாக இட்டுவிட்டு, நிரல் விளக்கங்களில் சுழலி என்று சுருக்கிக்கொள்ளலாமா? "காத்திருப்புக் குறி" பொத்தான்மேல் வைக்க நீளம்தான். ஆனால் அது பயனர் கண்ணில் படப்போவதில்லையே, அவருக்குத் "திறக்கிறது…" போதும்.