வி-லேனுக்குப் ‘பாத்தி’ போதுமே

நண்பர்களே,

கருவிகளின் கம்பிகளைச் செருகும் துளைகள் (போர்ட்) கொண்ட பெட்டி சுவிட்ச். அதில் செருகிய கருவிகளைத் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் ஏற்பாடு வி-லேன் (VLAN). அதற்குத் தமிழ்ச்சொல் தேடியதில் இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பு’ முன்னால் நிற்கிறது. பிழை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்: ‘மூன்றாம் போர்ட்டை இருபதாம் மெய்நிகர் குறும்பரப்பு வலையமைப்பில் சேர்.’ படித்து முடிப்பதற்குள் வேலை மறந்துபோகும்.

நீளத்தைவிட எனக்கு உறுத்துவது ‘மெய்நிகர்’. அது வேலையைச் சொல்லவில்லை. இணையவழித் தொலைபேசி, கண்காணிப்புக் கேமரா, விருந்தினர் வைஃபை, கணக்குப் பிரிவின் கணினிகள் எல்லாம் ஒரே சுவிட்சில் செருகியிருக்கின்றன. ஒரு கருவி ‘இந்த ஐபி முகவரி யாருடையது?’ என்று ஏஆர்பி என்ற நெறிமுறை வழியே கேட்டால், பிரிக்காத சுவிட்ச் அதை மற்ற எல்லா போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். வி-லேன் போட்டால் அந்தக் கூவல் தன் எல்லைக்குள்ளேயே நின்றுவிடும். நீரை வரப்புக்குள் நிறுத்துகிற வேலைதான் இது. அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பாத்தி.

குரல் பாத்தி, கேமரா பாத்தி, பாத்தி 20, ‘சுவிட்சைப் பாத்தி பிரித்தாயிற்று’ என்றெல்லாம் நாக்கில் தடுக்காமல் வருகிறது. ஒரு பாத்தியிலிருந்து இன்னொன்றுக்குப் போக மடை வேண்டும். இங்கே திசைவியோ (ரவுட்டர்), திசைவியின் வேலையையும் செய்யும் மூன்றாம் அடுக்குச் சுவிட்சோ அந்த மடை. எதைத் திறப்பது, எதை அடைப்பது என்று அங்கேதான் முடிவுசெய்கிறோம். (மடையை அகலத் திறந்துவிட்டு, ‘பாத்தி பிரித்துவிட்டேன், இனிக் கவலையில்லை’ என்று இருப்பவர்களும் உண்டு. நானும் ஒருமுறை அப்படி இருந்தவன்தான்.)

பாத்தி ஓரிடத்தில் கிடப்பது, வி-லேனோ இரண்டு மாடிகளில் உள்ள சுவிட்சுகளிலும் பரவும் என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. சுவிட்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ட்ரங்க் இணைப்பில் பல பாத்திகளின் சட்டகங்கள் (தரவுப் பொதிகள்) ஒரே கம்பியில் கலந்து போகின்றன. நீரின்மேல் பெயர் எழுத முடியாது, சட்டகத்தில் முடியும். 1998-இல் வந்த 802.1க்யூ தரநிலைப்படி, அனுப்புநரின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) அடுத்து 4 பைட் ஒட்டு (டேக்) ஒன்று செருகப்படுகிறது. அதில் 12 பிட் பாத்தி எண்ணுக்கு. 4,096 எண்களில் 0-வும் 4,095-உம் ஒதுக்கீட்டில் போக, மிச்சம் 4,094. ஆக, உவமை இந்த இடத்தில் உடைகிறது. உடையட்டும். ‘மவுஸ்’ என்று பெயர் வைத்தவர்கள் அதற்குப் பூனை தேடவில்லை.

இன்னொரு பரிந்துரையான ‘பிரிவலை’யும் எனக்குப் பிடித்திருந்தது, அழகான வினைத்தொகை. ஆனால் பிரி + வலை என்று நாம் நினைத்து எழுத, படிப்பவர் பிரிவு + அலை என்று பிரித்தால் ஏதோ ரேடியோ சமாச்சாரம் ஆகிவிடும்.

அப்புறம், ஒட்டில்லாமல் வரும் சட்டகங்கள் போய்ச் சேரும் நேட்டிவ் வி-லேனை ‘தாய்ப்பாத்தி’ என்று அழைக்க வேண்டாம். மற்றவை அதிலிருந்து பிறந்தவைபோல் தோன்றும். ‘ஒட்டிலாப் பாத்தி’ நேராக இருக்கிறது. ட்ரங்குக்குத்தான் இன்னும் சிக்கவில்லை. ‘பொதுவாய்க்கால்’ பொருந்துகிறது, ஆனால் நீளம். ‘பொதுக்கால்’ என்று சுருக்கினால் யாருடைய கால் என்று கேட்பார்கள்.