கணக்குப் பயிற்சியில் மகனுக்குக் கவனம் நிற்பதில்லை. எப்படி மாற்றிக் கொடுப்பது?

கேள்வி (தக்கலையிலிருந்து ஒரு தாய்):

என் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே படிக்கிறான். வாசிப்பில் குறையில்லை, கணக்கில்தான் சிக்கல். கடன் வாங்கிக் கழித்தல் அவனுக்குத் தெரியும், ஏனெனில் முதல் நான்கு கணக்குகளைப் பிழையின்றிப் போட்டுவிடுகிறான். ஐந்தாவதற்கு வரும்போது பென்சில் சீவ எழுந்துவிடுகிறான், அல்லது பலாமரத்தில் அணில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இருபது கணக்குள்ள ஒரு பக்கம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. நடுவில் நான் சத்தம் போடுவதும் நடந்துவிடுகிறது. கைபேசிச் செயலி ஒன்றும் வாங்கிப் பார்த்தேன். பத்தே நாளில் அதில் கிடைக்கும் நட்சத்திரங்களை எண்ணுவதுதான் அவனுடைய ஒரே கணக்காகிவிட்டது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1 (நாகர்கோவில், ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்):

சகோதரி, இருபதும் கழித்தல் என்றால், என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கும் வேலை முதல் கணக்கோடு தீர்ந்துவிடுகிறது. மீதிப் பத்தொன்பதுக்கும் கை மட்டும்தான் ஓடுகிறது. அந்த வேலையை அவனிடமே திருப்பிக் கொடுங்கள். நாளைக்கு எட்டுக் கணக்குகள் போதும்: கழித்தல் மூன்று, பெருக்கல் இரண்டு, கடிகார நேரம் ஒன்று, கதைக்கணக்கு இரண்டு, வரிசையைக் கலைத்து எழுதுங்கள். தொடக்கத்தில் தவறுகள் கூடும், அதைக் கண்டு பழைய பக்கத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்து அதே வகைக் கணக்குகளை மீண்டும் கலந்து கொடுத்தால், உண்மையில் எது பதிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பதில் 2 (மார்த்தாண்டம்):

அக்கா, எங்கள் வீட்டில் பல்லாங்குழிதான் கைகொடுத்தது. குழிக்கு ஐந்து மஞ்சாடி முத்து என்று 14 குழிகளையும் நிரப்பினால் மொத்தம் எத்தனை என்பதில் தொடங்கினோம். முத்துகளை அள்ளியதும், கடைசி முத்து எந்தக் குழியில் விழும் என்று சொல்லிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்பது என் மகள் வைத்த விதி. ஒரு வேளை ஆட்டத்தில் அவள் எத்தனை முறை மனக்கணக்குப் போடுகிறாள் என்பதை எண்ண முயன்று விட்டுவிட்டேன்.

பதில் 3 (குலசேகரம், ஒரு தந்தை):

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாங்கள் நாளுக்கொரு விளையாட்டுச் சாமான் இறக்கினோம். பையன் சாமானோடு விளையாடினான், கணக்கு அப்படியே கிடந்தது. இப்போது நேரமும் இடமும் மாறுவதில்லை, காலை உணவுக்குப் பின் இருபது நிமிடம் திண்ணையில்தான். கேள்வி மட்டுமே மாறும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போய் வந்த மறுநாள், "தூண்கள் 28 என்றால், தூணுக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை இடைவெளி?" என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் 28 என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தானாகவே தீக்குச்சிகளை வரிசையாக நட்டு எண்ணி, 27 என்று வந்து நின்றான். அதற்கே பதினைந்து நிமிடம் போயிற்று. அன்றைக்கு அந்த ஒரு கணக்கோடு நிறுத்திக்கொண்டோம்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி எட்டுக் கணக்குகளைக் கலந்து கொடுத்தேன். அரை மணி நேரத்தில் முடித்தான், மூன்று தவறு. அவற்றில் ஒன்று கழித்தலிலேயே வந்தது எனக்கு அதிர்ச்சிதான். வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, பீடம் மட்டும் 38 அடி, அப்படியானால் சிலை எவ்வளவு என்று கேட்டிருந்தேன். 105 என்று எழுதியிருந்தான். கடன் வாங்கிய பத்தைக் குறைக்க மறந்திருக்கிறான். கூட்டிப் பார் என்று மட்டும் சொன்னேன். 143 வந்ததும், "அம்மா, வள்ளுவர் பத்தடி வளர்ந்துட்டாரு" என்று சிரித்துக்கொண்டே அழித்து, 95 என்று திருத்தினான். பல்லாங்குழிக் கட்டை அம்மா வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வரப் போகிறேன்.