மலிவு மாட்யூல்களில் ரேடியோ அலை அளவுக் கருவிகள்: கட்டிப் பார்த்தவர்களின் அனுபவங்கள்

சென்னை உறுப்பினர்:

வீட்டிலேயே ரேடியோ அளவுக் கருவி கட்டுவதைப் பற்றிப் பேச்செடுத்தால், எந்த மாட்யூலை வாங்குவது என்ற கேள்விதான் முதலில் வருகிறது. அதற்கு விடை சொல்வது எளிது. சிக்னலை உண்டாக்க எஸ்ஐ5351, அதை அளக்க ஏடி8307, இரண்டையும் இயக்க ஆர்டுயினோ நானோ என்ற சிறு கணினி போர்டு. மூன்றும் இணையத்திலோ சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவிலோ கிடைக்கக்கூடியவைதான். பிட்எக்ஸ் என்ற ரேடியோ டிரான்ஸ்ஸீவர்களை வடிவமைத்த ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் (அழைப்புக்குறி வியூ2இஎஸ்இ), சிக்னல் ஜெனரேட்டரையும் ஏடி8307 பவர் மீட்டரையும் ஓர் ஆர்டுயினோவின் கீழ் சேர்த்து ‘ஸ்வீப்பரினோ’ என்ற கருவியை வெளியிட்டபோதே, இந்த வழி நம் நாட்டு ஹாம்களுக்கு, அதாவது அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்களுக்கு, பழகிவிட்டது. ஆனால் அந்த மாட்யூல்களைச் சுற்றி நாம் கட்டும் தகரப் பெட்டியும், சிக்னலைக் குறைக்கும் அட்டனுவேட்டரும், வேண்டாத அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டரும்தான் திரையில் வரும் எண்ணை நம்பலாமா கூடாதா என்பதை முடிவு செய்கின்றன என்பதே என் அனுபவம்.

ஏடி8307ஐ எடுத்துக்கொள்வோம். தரவுத்தாளின்படி அது மைனஸ் 75 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 ஆக வைத்து டெசிபலில் சொல்லும் அளவு) முதல் பிளஸ் 17 டிபிஎம் வரை, 500 மெகாஹெர்ட்ஸ் வரையில் அளக்க வல்லது. ஒவ்வொரு டெசிபலுக்கும் அதன் அவுட்புட் 25 மில்லிவோல்ட் உயரும். மாட்யூலைத் திறந்தபடி மேசையில் வைத்து, இன்புட்டில் சிக்னல் எதுவும் தராத 50 ஓம் டம்மி லோடை மாட்டிப் பார்த்தபோது, என் வீட்டில் அது மைனஸ் 58க்குக் கீழே இறங்கவே இல்லை. கைபேசியை அருகில் கொண்டுபோனால் எண் துள்ளியது. அறையின் எல்இடி விளக்கை அணைத்தால் ஒரு டெசிபல் குறைந்தது. மாட்யூலில் எந்தக் குறையும் இல்லை. 500 மெகாஹெர்ட்ஸ் வரை காதைத் திறந்துவைத்திருக்கும் சிப், ஊரிலுள்ள எஃப்எம் நிலையங்கள் எல்லாவற்றையும் ஒருசேரக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு பக்கமும் செம்புள்ள காப்பர் கிளாட் போர்டை வெட்டி ஆறு பக்கமும் அடைத்த சிறு பெட்டியாகக் கட்டினேன். மின்சாரம் உள்ளே வருவதற்கும் அளவு வெளியே போவதற்கும் சுவரில் துளையிட்டு, கம்பியைச் சுவர் வழியே விட்டு ரேடியோ அலையை மட்டும் தரைக்குக் கடத்தும் 1 நானோஃபாரட் ஃபீட்த்ரூ கப்பாசிட்டர்களைப் பற்றவைத்தேன். மூடியை நான்கு மூலைகளில் மட்டும் ஒட்டியிருந்த நிலையில் மீட்டர் மைனஸ் 66 காட்டியது. விளிம்பு நெடுக இடைவெளி இல்லாமல் சால்டரை ஓடவிட்ட பிறகு மைனஸ் 74க்கு இறங்கியது. மூடிக்கும் சுவருக்கும் நடுவே காகிதத் தடிமனுக்கு இருந்த இடுக்கு எட்டு டெசிபலை விழுங்கிக்கொண்டிருந்தது என்பதை எண்ணாகப் பார்த்த பிறகு, ஷீல்டிங்கைக் கடைசி வேலையாகத் தள்ளிவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது ஹார்மோனிக்ஸ், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளில் தோன்றும் அலைகள். எஸ்ஐ5351 தருவது சைன் அலை அல்ல, சதுர அலை. சதுர அலையின் மூன்றாம் ஹார்மோனிக் அடிப்படை அலையின் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜோடு, அதாவது 9.5 டெசிபல் மட்டுமே குறைவாக, கூடவே வருகிறது. 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் கடத்தும் ஹைபாஸ் ஃபில்டர் ஒன்றை இந்த ஜோடியால் ஸ்வீப் செய்வதாக, அதாவது அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே அளப்பதாக, வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் 10 மெகாஹெர்ட்ஸில் இருக்கும்போது ஃபில்டர் அதை நன்றாகவே தடுத்துவிடும். ஆனால் 30 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் மூன்றாம் ஹார்மோனிக் தாராளமாக உள்ளே நுழைந்து டிடெக்டரை எட்டிவிடும். தன்னிடம் வந்தது எந்த அதிர்வெண் என்பது ஏடி8307க்குத் தெரியாது. ஐம்பது டெசிபல் தடுக்கும் ஃபில்டர், பத்து டெசிபல்கூடச் சரியாகத் தடுக்காத ஃபில்டராகத் திரையில் தெரியும். நல்ல ஃபில்டரைக் கழற்றி காயில்களை மறுபடி சுற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜெனரேட்டருக்குப் பின்னால் அந்தந்த அலைவரிசைக்கு ஏற்ற, அதற்கு மேலுள்ளவற்றைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்டரை வைப்பதே இதற்கு மருந்து.

ஆன்டெனாவையும் ஃபில்டரையும் அளக்கும் கையடக்கக் கருவியான நானோவிஎன்ஏவின் முதல் வடிவத்திலும் இதே எஸ்ஐ5351 தானே இருக்கிறது, அது மட்டும் எப்படிச் சரியாக அளக்கிறது என்று கேட்கலாம். அதில் மிக்சர்கள் இருக்கின்றன. வேண்டிய ஒரே அதிர்வெண்ணை மட்டும் கீழே இறக்கி அளப்பதால் ஹார்மோனிக் அதைக் குழப்புவதில்லை. 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே 900 வரை அது எட்டுவதே அந்த ஹார்மோனிக்ஸைப் பிடித்துக்கொண்டுதான்.

அளக்கப்படும் ஃபில்டருக்கு 50 ஓம் தெரிவதற்காக, அதன் இரண்டு பக்கமும் பத்து டெசிபல் அட்டனுவேட்டரைப் போடுவது என் வழக்கம். கணக்குப்படி வேண்டிய 96, 71 ஓம்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. குறுக்கே இரண்டு 100 ஓம், நடுவில் ஒரு 68 ஓம் போட்டால் 9.7 டெசிபல் கிடைக்கிறது, இன்புட்டும் 50.3 ஓமாக அமைந்துவிடுகிறது.

கோவை உறுப்பினர்:

சென்னை நண்பர் பெட்டியைப் பற்றி எழுதியதை முழுதும் ஒப்புக்கொள்கிறேன். அதே கருவியின் மறுமுனையில், அளவை எண்ணாக மாற்றும் இடத்தில், நான் கண்டதைச் சொல்கிறேன். பாலிடெக்னிக் மாணவர்கள் சிலர் ஏடி8307ஐயும் ஆர்டுயினோவையும் சேர்த்து அழகாக ஒரு பவர் மீட்டர் செய்து கொண்டுவந்தார்கள். வகுப்பறை லேப்டாப்பில் சொருகினால் மைனஸ் 12 டிபிஎம், கைபேசி சார்ஜரில் நீளமான கேபிளோடு சொருகினால் அதே சிக்னலுக்கு மைனஸ் 7 சொச்சம். ஏடி8307 கெட்டுவிட்டது, போலி சிப் வந்துவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் சிப்பின் அவுட்புட் இரண்டு இடத்திலும் 1.8 வோல்ட்தான். மாறியது ஆர்டுயினோவின் 5 வோல்ட். நிரலில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் நானோ தனது சப்ளை வோல்டேஜையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. மெல்லிய கேபிளில் அது 4.7க்கு இறங்கியபோது, 1.8 வோல்ட் அதன் கணக்கில் 1.915 ஆகிவிட்டது. 115 மில்லிவோல்ட் வித்தியாசத்தை 25ஆல் வகுத்தால் 4.6 டெசிபல். நானோவின் வெளி ரெஃபரன்ஸுக்கான ஏரெஃப் காலில் எல்எம்4040 வகையின் 4.096 வோல்ட் ரெஃபரன்ஸை வைத்து, நிரலில் வெளி ரெஃபரன்ஸ் என்று ஒரு வரியையும் மாற்றியவுடன் அந்த ஆட்டம் நின்றது. ஒரு படிக்குச் சரியாக 4 மில்லிவோல்ட் வருவதால் கணக்கும் சுலபமாகிவிட்டது.

கேலிபரேஷனுக்கு ஆய்வகக் கருவி அவசியமில்லை. 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையை 50 ஓம் லோடில் ஆசிலோஸ்கோப்பால் பார்த்து, உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 632 மில்லிவோல்ட் வரும்படி வைத்தால் அது 0 டிபிஎம். பிறகு அந்த லோடை எடுத்துவிட்டு அதே சிக்னலை மீட்டருக்குக் கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் நம்பகமான 20 டெசிபல் அட்டனுவேட்டரை வைத்து மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட் வித்தியாசம் வர வேண்டும். உங்கள் மாட்யூலில் எவ்வளவு வருகிறதோ அதையே நிரலில் எழுதுங்கள், தரவுத்தாளின் எண்ணை அல்ல. மாட்யூலின் இன்புட்டில் 52 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. சிப்பின் சொந்த இன்புட் 1.1 கிலோஓம், அந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் கேலிபரேஷனே பொருளற்றது.

நெல்லை உறுப்பினர்:

கோவை ஐயா சொன்ன மீட்டரோடு சிக்னல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் ரிட்டர்ன் லாஸ் பிரிட்ஜ் ஒன்றைச் சேர்த்தால் ஆன்டெனாவையும் அளந்துவிடலாம். மூன்று 50 ஓம் ரெசிஸ்டர்களும் ஃபெரைட் வளையத்தில் சுற்றிய ஒரு பலூன் டிரான்ஸ்ஃபார்மரும்தான் அதன் முழு உடம்பு. எஸ்எம்டி 100 ஓம்களை இரண்டிரண்டாக இணையாக வைத்து ஒட்டினால் 50 கிடைத்துவிடும். கட்டிய பிரிட்ஜ் உண்மை பேசுகிறதா என்று சோதிக்க கேபிள் டிவிக்காரர்கள் லைன் முடிவில் மாட்டும் 75 ஓம் டெர்மினேட்டரே போதும். அதற்கு 14 டெசிபல் காட்ட வேண்டும். 100 ஓம் ரெசிஸ்டருக்கு 9.5 காட்ட வேண்டும். என்னிடம் இருப்பது ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) முழுவதும் இந்த எண்களில் நிற்கிறது, 144 மெகாஹெர்ட்ஸில் சற்று நழுவுகிறது. ரெசிஸ்டர்களுக்கு நடுவே உள்ள இணைப்புகளையும் கனெக்டருக்குப் போகும் கம்பியையும் இன்னும் குட்டையாக்கினால் அதுவும் சரியாகும் என்று நினைக்கிறேன்.

யூஹெச்எஃப் (300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 35 மெகாஹெர்ட்ஸ் முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஏடிஎஃப்4351 சிக்னல் ஜெனரேட்டர் மாட்யூலின் கட்டுப்பாட்டுக் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை. 5 வோல்ட் நானோவோடு நேராக இணைத்து நண்பர் ஒருவர் சிப்பைப் பறிகொடுத்தார். இரண்டு ரெசிஸ்டர்களில் டிவைடர் போட்டுக்கொள்ளுங்கள். அதன் ஹார்மோனிக்ஸும் பலமானவைதான், ஆகவே சென்னை அண்ணா சொன்ன ஃபில்டர் பாடம் அங்கும் அப்படியே பொருந்தும். அதை ஏடி8318 டிடெக்டரோடு சேர்ப்பவர்கள், சிக்னல் கூடக்கூட அந்தச் சிப்பின் அவுட்புட் குறையும் என்பதை நிரல் எழுதும்போது மறக்க வேண்டாம்.

அண்ணா, ஃபீட்த்ரூ கப்பாசிட்டர் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. பழைய பெட்டி டிவிகளின் ட்யூனரிலிருந்து நான் கழற்றிக்கொள்கிறேன். காயலான் கடையில் சல்லி விலைக்குத் தருகிறார்கள். பெரிய சால்டரிங் அயர்னால் சுவரை நன்றாகச் சூடேற்றி மெதுவாக இழுக்க வேண்டும், அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விட்டுவிடும். பல ட்யூனர்களில் உள் போர்டை மட்டும் எடுத்துவிட்டு, கப்பாசிட்டர்களைச் சுவரிலேயே விட்டுவிட்டால், ஏடி8307க்கு அளவெடுத்துச் செய்ததுபோன்ற தகரப் பெட்டியும் மூடியும் சேர்ந்தே கிடைத்துவிடுகின்றன.