பர்பன் பால் (bourbon ball) உருண்டை மேல சாக்லேட் வெளுத்து வெடிக்குது

அமெரிக்காவுல, கென்டக்கி மாநிலத்து லூயிவில்ல இருக்கேன். கிறிஸ்துமஸுக்கு கென்டக்கி பர்பன் பால் செய்றேன். பர்பன் விஸ்கில ராத்திரி முழுக்க ஊறின பீக்கன் கொட்டை, வெண்ணெய், ஐசிங் சுகர். உள்ளே இருக்கிற உருண்டை ருசி அபாரம். மேல முக்கின 60% டார்க் சாக்லேட்தான் மறுநாளே திட்டுத்திட்டா வெளுத்துடுது. அடிப்பக்கம் மயிரிழை மாதிரி வெடிச்சு, பிசுபிசுன்னு பாகு கசியுது.

சாக்லேட்டை 45 டிகிரி செல்சியஸ்ல உருக்கி, 28க்கு ஆறவிட்டு, 31க்கு ஏத்தித்தான் முக்குறேன். தெர்மாமீட்டரையும் கொதிதண்ணில சோதிச்சாச்சு. பீக்கனை வடிகட்டி டிஷ்யூல ஒத்தியும் பார்த்தாச்சு, கசிவு நிக்கல. சாக்லேட்ல பாரஃபின் மெழுகு சேர்க்கச் சொல்றாங்க இங்க உள்ள பாட்டிமார். மெழுகைத் திங்க எனக்கு மனசு வரல. உருண்டை இளகிடக் கூடாதுன்னு ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்த கையோட முக்குறேன்.

செஞ்சு பழகினவங்க சொல்லுங்க: உருண்டையை ஜில்லுனு இருக்கும்போதே முக்கணுமா, வெளியில வச்சு குளிர் விட்டப்புறமா?